எந்தத் தேனுக்கு எந்தச் சோதனை? – வாசகர் கேள்வி பதில்

தேனின் தரத்தையும் பாதுகாப்பையும் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். சுங்கை சிப்புட் நகரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த மடல்களில் பெரும்பாலானவை, 'சுத்தமான தேனைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை சொல்லுங்கள்' என்றே கேட்கின்றன. அப்படியொரு சோதனை வீட்டிலும் இல்லை, ஆய்வுக்கூடத்திலும் இல்லை. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தரும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது, அந்தத் தேனை எந்த ஈ, எந்தச் செடியிலிருந்து சேர்த்தது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: லாசா சாலையோரத்தில் ஒரு போத்தல் கெலுலுட் தேன் வாங்கினேன். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டால் ஊறிப் பரவுகிறது. தண்ணீரில் விட்டால் அடியில் தங்காமல் கரைகிறது. தீக்குச்சியை நனைத்து உரசினால் பற்றவில்லை. சுவையும் புளிப்பு. போதாக்குறைக்கு, மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை பொங்குகிறது. நான் ஏமாந்துவிட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார். அது உண்மையா? – இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றுள் ஒன்றுகூடக் கலப்படத்துக்குச் சான்றாகாது. தாள், தண்ணீர், தீக்குச்சி ஆகிய மூன்று சோதனைகளும் அளப்பது ஒன்றைத்தான்: தேனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை. சீனியைத் தண்ணீரில் போட்டுக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி இறக்கினால், அந்தப் பாகு மூன்றிலும் சிறப்பாகத் தேறிவிடும். கலப்படம் செய்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆகவே இந்தச் சோதனைகள் ஏமாற்றுபவரைத் தேற வைத்து, நேர்மையான கெலுலுட் வளர்ப்பாளரைத் தோற்கடிக்கின்றன.

கெலுலுட் என்பது கொடுக்கில்லாத சிறு தேனீ. தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்று வழங்கும் இனத்துக்கு இது உறவு. மற்றத் தேனீக்களைப் போல் மெழுகு அறைகளில் தேனைச் சேர்க்காமல், மரப்பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டிய சிறு குடுவைகளில் ஊற்றி வைக்கும். அந்தக் குடுவைக்குள் தேன் மெல்லப் புளிப்பேறுகிறது. பிசினின் கசப்பும் சற்று இறங்குகிறது. மலேசியா இதற்கென்றே 2017ஆம் ஆண்டில் எம்.எஸ். 2683 என்ற தனித் தரநிலையை வெளியிட்டது. அதன்படி பதப்படுத்தாத கெலுலுட் தேனில் 35 விழுக்காடு வரை ஈரப்பதம் இருக்கலாம், புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 2.5 முதல் 3.8 வரை இருக்க வேண்டும். சாதாரணத் தேனுக்கான கோடெக்ஸ் அனைத்துலகத் தரநிலையிலோ ஈரப்பதத்தின் மேல் எல்லை 20 விழுக்காடு. அந்த அளவுகோலால் கெலுலுட்டை அளந்தால் நல்ல தேனும் தோற்கத்தான் செய்யும்.

கெலுலுட் தேனுக்கே உரிய ஓர் அடையாளமும் உண்டு. ஆனால் அது சமையலறையில் தெரியாது. இந்த ஈக்களின் தேனில் டிரெஹலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுதியாக இருப்பதை, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தவற்றில் மலேசியக் கெலுலுட் இனங்களின் தேனும் அடங்கும். முந்தைய ஆய்வுகளில் இதே சர்க்கரையை மால்டோஸ் என்று கணக்கிட்டிருந்தார்கள். மால்டோஸ் கூடினால் மாவுப் பாகு கலந்திருக்கலாம் என்று ஐயுறுவது வழக்கம் என்பதால், பழைய முறையில் வந்த அறிக்கையைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நுரை பொங்குவதற்குக் காரணம் நொதித்தல். ஈரம் மிகுந்த தேனில் காட்டு ஈஸ்ட்டுகள் வேலை செய்யும்போது கரிவாயு சேர்ந்து மூடியைத் தள்ளுகிறது. போத்தலைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கழுத்துவரை நிரப்பாமல் இடம் விடுங்கள். சில நாளுக்கொரு முறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். இறுக மூடிய கண்ணாடிப் போத்தலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வது ஆபத்தானது. புளிப்போடு சாராய நெடி தூக்கலாக வந்தாலும், மேலே பூஞ்சைப் படலம் தெரிந்தாலும் வீசிவிடுங்கள். இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் போத்தலில் சீனிப் பாகு அறவே இல்லை என்று நான் உறுதி சொல்லவில்லை. நீங்கள் செய்த சோதனைகளால் அதைக் கண்டறிய முடியாது என்றே சொல்கிறேன். எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்பவற்றையும் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். நாயை விட்டுவிடுவோம்.

கேள்வி: ரப்பர்த் தோட்டத்துக்குள் பெட்டி வைத்துத் தேனீ வளர்ப்பவரிடம் வாங்கிய தேன், இரண்டு மாதத்தில் நெய்யைப் போல் உறைந்துவிட்டது. சீனி கலந்ததால்தானே இப்படி? மேலும், ரப்பர் பூ மிகச் சிறியது. அதிலிருந்து இத்தனை தேன் எப்படி வரும்? மரத்துப் பால் தேனில் கலந்து கெடுதல் செய்யாதா? – முன்னாள் பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட் வட்டாரம்

பதில்: பால்மரத்தோடு வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு இந்த விடை பிடிக்கும் என்று நினைக்கிறேன். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதைவிட இலையிலிருந்தே மிகுதியாக வருகிறது. ஆண்டின் தொடக்கத்தில் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் காலத்தில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அங்கே சிறு புள்ளிகளாகச் சுரப்பிகள் இருக்கும். காலையில் அவற்றின்மேல் பளபளவென்று இனிப்பு நீர் நிற்கும். தேனீ தேடி வருவது அதைத்தான். பட்டைக்குள் ஓடும் பாலுக்கும் இந்தச் சுரப்பிக்கும் வழி வேறு வேறு. பால் தேனில் கலப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டமும் கேரளமும் தேனுக்குப் பெயர்பெற்றிருப்பதற்கு ரப்பர்த் தளிரே முதன்மைக் காரணம்.

உறைவது கலப்படத்தின் அடையாளமன்று. தேனில் முதன்மையாக இருக்கும் இரண்டு சர்க்கரைகளுள் குளுக்கோஸ் தண்ணீரில் குறைவாகவும் ஃபுருக்டோஸ் மிகுதியாகவும் கரையும். குளுக்கோஸ் ஓங்கியிருக்கும் தேன் விரைவில் மணிமணியாகக் கட்டும். ரப்பர்த் தேன் அந்த வகையைச் சேர்ந்தது. குளுக்கோஸ் குறைந்த தேன் ஆண்டுக்கணக்கில் உறையாமல் நிற்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்று அசல், மற்றது போலி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உறைந்ததை இளக்க வேண்டுமானால், கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 பாகை அளவில், வெந்நீரில் போத்தலை நிறுத்தி வையுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம்.

இலையிலிருந்து வரும் தேன், ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. எந்தச் செடியின் தேன் என்பதை அறிய, தேனில் மிதக்கும் மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணுவது நெடுங்காலமாக இருந்துவரும் முறை. பல தேன்களில் ஒரே செடியின் மகரந்தம் 45 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அதை அந்தச் செடியின் தேன் என்று சொல்வார்கள். ஆனால் தளிர்ச் சுரப்பியில் உறிஞ்சும் தேனீ பூவைத் தொடுவதே இல்லை. ஆகவே அசல் ரப்பர்த் தேனில் ரப்பர் மகரந்தம் மிகக் குறைவாகவே இருக்கும். நம் நாட்டில் பெருமளவில் கிடைக்கும் அக்காசியா மேஞ்சியம் தேனும் இப்படித்தான். அந்த மரமும் இலையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்தே தேனீக்கு இனிப்பைத் தருகிறது. பேரங்காடியில் ஐரோப்பிய 'அக்காசியா' என்று விற்கும் வெளிர்நிறத் தேன் முற்றிலும் வேறொரு மரத்தின் பூவிலிருந்து வருவது. நம் தேனை அதனோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல இடமில்லை.

செம்பனையில் நிலைமை தலைகீழ். செம்பனைப் பூ மகரந்தத்தை வாரி இறைக்கும். தேன் சுரப்பது அரிது. செம்பனைக் காட்டுக்குள் வைத்த பெட்டித் தேனில் பனை மகரந்தம் நிறைந்திருக்கலாம். ஆனால் இனிப்பு வந்தது, செம்பனை இலையைத் தின்னும் கூட்டுப்புழுவைக் கட்டுப்படுத்தத் தோட்ட நிர்வாகம் சாலையோரத்தில் நட்டுவைக்கும் மஞ்சள், வெள்ளைப் பூச்செடிகளிலிருந்தும், மலாய்க்காரர்கள் ஆயர் மாத்தா பெங்காந்தின் என்று அழைக்கும் இளஞ்சிவப்புப் பூக்கொடியிலிருந்தும், கீழே மண்டிக் கிடக்கும் களைகளிலிருந்தும்தான். மகரந்த அறிக்கையில் 'செம்பனை' என்று கண்டதும் அதைச் செம்பனைத் தேன் என்று லேபிள் ஒட்டுவது தவறு. மகரந்தச் சோதனை கூட்டின் அக்கம்பக்கத்தை நன்றாகச் சொல்லும். இனிப்பின் பிறப்பிடத்தை எல்லா நேரமும் சொல்லாது.

கேள்வி: செம்பனைத் தோட்ட எல்லையில் பெட்டிகள் வைத்து ஐரோப்பியத் தேனீ வளர்க்கிறேன். விற்பனையைப் பெருக்க எண்ணம். ஆய்வுக்கூடக் கட்டணமோ கையைக் கடிக்கிறது. எந்தச் சோதனைக்கு முதலில் பணம் செலவழிக்க வேண்டும்? – இளம் தொழில்முனைவர், லிந்தாங் பக்கம்

பதில்: முதல் சோதனைக்கு ஆய்வுக்கூடமே வேண்டாம். தேனின் ஈரத்தை அளக்க, தேனுக்கென்று விற்கும் கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழச்சாற்றுக்கான கருவி உதவாது. அதன் அளவுகோல், சர்க்கரையின் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் அலகில், 32ஓடு முடிந்துவிடும், தேனுக்கு 58 முதல் 90 வரை வேண்டும். கண்ணாடிப் பரப்பில் ஓரிரு சொட்டு விட்டு, குமிழி சிக்காமல் மூடியைச் சாய்த்து அழுத்தி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டைப் படியுங்கள். இந்தக் கருவிகள் 20 பாகை வெப்பத்துக்கு அளவிடப்பட்டவை. தானே திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத கருவி, நம் ஊரின் 30 பாகைச் சூட்டில் உண்மையைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடு ஈரத்தைக் கூட்டிக் காட்டும். கெலுலுட்டையும் அளக்க எண்ணினால், ஈர அளவு 27 விழுக்காட்டோடு நின்றுவிடாத கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஈரத்துக்கு இத்தனை முதன்மை ஏன் என்று கேட்கலாம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே திறந்திருக்கும் தேன் காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். நம் நாட்டிலோ 80 விழுக்காடு என்பது சாதாரணம். தேனில் 17 விழுக்காட்டுக்குக் கீழே ஈரம் இருந்தால் ஈஸ்ட் எத்தனை இருந்தாலும் புளிக்காது. 20 விழுக்காட்டைக் கடந்துவிட்டால் என்று வேண்டுமானாலும் புளிக்கலாம். இரண்டுக்கும் நடுவே, ஈஸ்ட்டின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். ஆகவே தேனீக்கள் மெழுகால் மூடிய அறைகள் மிகுந்த சட்டங்களை மட்டும் எடுங்கள். மழை பெய்து முடிந்த மாலையில் தேன் எடுக்காதீர்கள். எடுத்த தேனை அகன்ற வாளியில் திறந்து வைக்காதீர்கள். இந்த மூன்றும் செலவில்லாதவை. நான் கண்ட வரையில், வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் போத்தல்களுள் பெரும்பாலானவை கலப்படத்தால் வந்தவை அல்ல, பொங்கிப்போனவை.

ஆய்வுக்கூடத்தில் முதலில் கேட்க வேண்டியது எச்.எம்.எஃப். என்று சுருக்கிச் சொல்லும் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரால் அளவையும் டயஸ்டேஸ் என்னும் நொதிப்பொருளின் வீரியத்தையும். முன்னது சூட்டாலும் நாட்பட்டாலும் கூடும். பின்னது அதே காரணங்களால் குறையும். கோடெக்ஸ் தரநிலைப்படி எச்.எம்.எஃப். ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 வரை விலக்கு உண்டு. டயஸ்டேஸ் 8 ஷேட் அலகுக்குக் குறையக்கூடாது. இயல்பிலேயே நொதி குறைந்த தேன்களுக்கு 3 அலகு வரை தளர்வு உண்டு. 40 மில்லிகிராமை எட்டுவதற்கு 40 பாகையில் ஏறத்தாழ 20 முதல் 50 நாளும், 70 பாகையிலோ 5 முதல் 14 மணி நேரமும் போதும். இரவுச் சந்தைக்குப் போகும் வேனின் பின்பகுதியில் வாரக்கணக்கில் தேனை உருட்டிக்கொண்டு திரிபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். இந்த அளவுகளில் எச்.எம்.எஃப். உண்பவருக்கு நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. தேனைக் காய்ச்சினார்களா, எவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி அது.

அடுத்தது சீனி. மழைக்காலத்தில் தேனீக்குச் சீனிப் பாகு கொடுப்பது தவறன்று. அந்தப் பாகு விற்பனைக்குப் போகும் சட்டங்களில் ஏறினால்தான் குற்றம். சுக்ரோஸ் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் தேனீயின் நொதி சுக்ரோஸைப் பிரித்துவிடுவதால் இந்த ஒரு சோதனை போதாது. கரிம ஐசோடோப்புச் சோதனை இதைவிடக் கூர்மையானது. கரும்பும் சோளமும் காற்றிலுள்ள கரிவாயுவைப் பிடிக்கும் முறை பெரும்பாலான பூச்செடிகளின் முறையிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாடு சர்க்கரையின் கரிம அணுக்களில் பதிந்துவிடும். தேனிலுள்ள புரதத்தின் கரிமத்தையும் முழுத் தேனின் கரிமத்தையும் ஒப்பிட்டு, கரும்பு அல்லது சோளச் சர்க்கரை 7 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று கணக்கிடுவார்கள். நம் கடைச் சீனி கரும்பிலிருந்து வருவது என்பதால் உங்களுக்கு இது பொருத்தமான சோதனை.

இதற்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. அரிசியிலிருந்தும் பீட் கிழங்கிலிருந்தும் காய்ச்சும் பாகுகள் இந்தச் சோதனையில் பிடிபடாமல் நழுவிவிடும். ஐரோப்பிய ஆணையம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகளில் 46 விழுக்காடு ஐயத்துக்குரியவை என்று அறிவித்தபோது, சோளப் பாகைவிட அரிசி, கோதுமை, பீட் பாகுகளே கலப்படக்காரர்களின் கைச்சரக்காகிவிட்டதைச் சுட்டியது. அவற்றைப் பிடிக்க என்.எம்.ஆர். எனப்படும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி போன்ற விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். மற்றொன்று, அன்னாசி. அந்தச் செடியும் கரும்பைப் போன்ற கரிம முத்திரையையே பதிக்கும். ஜொகூர் பக்கம் அன்னாசித் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய நேர்மையான தேனும் சீனி கலந்ததுபோல் தோன்றக்கூடும் என்பதைச் சொல்லிவையுங்கள். மாதிரியை அனுப்பும்போதே தோட்டத்தின் விவரத்தை எழுதி இணைப்பது அவருக்கு நல்லது.

உங்களைப் போல் தோட்ட எல்லையில் வளர்ப்பவர்கள் களைக்கொல்லி எச்சத்துக்கும் ஒருமுறையாவது சோதித்துக்கொள்வது நல்லது. மருந்தடிக்கும் நாள்களைக் கங்காணியிடமோ நிர்வாகத்திடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புழு நோய்க்கு அஞ்சி ஐரோப்பியத் தேனீக்கு டெட்ராசைக்ளின் முதலியவற்றைக் கொடுக்கும் பழக்கம் சில நாடுகளில் உண்டு. அது உங்களிடம் இருந்தால் நுண்ணுயிர்க்கொல்லிச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குளோராம்ஃபெனிக்கால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி தேனில் இருக்கவே கூடாது. எந்தக் கூடத்துக்கு அனுப்பினாலும், அது எஸ்.ஏ.எம்.எம். எனப்படும் மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டத்தில் சேர்ந்ததா என்று மட்டும் கேட்காமல், 'தேனில் இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா' என்று கேளுங்கள். அங்கீகாரம் சோதனைவாரியாகத் தரப்படுவது. பொட்டலமிடும் இடத்துக்குச் சுகாதார அமைச்சின் மெஸ்டி என்னும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் பெறுவதும் சிறு தொழிலருக்கு எட்டக்கூடியதே.

கேள்வி: எங்கள் தொழிற்சாலைப் பாதுகாவலர் நேப்பாளத்துக்காரர். ஊரிலிருந்து கொண்டுவந்த சிவந்த மலைத்தேனை, உடம்புக்கு நல்லது, ஆனால் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார். அதென்ன அப்படி? – சுங்கை சிப்புட் இளைஞர்

பதில்: அவர் எச்சரித்ததை நன்றியோடு நினைத்து, அந்த ஒரு கரண்டியையும் உண்ணாமல் வைத்துவிடுங்கள். இமயமலைச் சரிவுகளில் ரோடோடென்ட்ரான் மரங்கள் பூக்கும் பருவத்தில் மலைத்தேனீக்கள் சேர்க்கும் தேனில் கிரேயானோடாக்சின் என்னும் நஞ்சு இருப்பதுண்டு. உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் தலை சுற்றும், வாந்தி வரும், நாடித் துடிப்பு வெகுவாகக் குறையும், இரத்த அழுத்தம் இறங்கும். துருக்கியின் கருங்கடற்கரையிலும் இதே தேன் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே சென்ற கிரேக்கப் படையினர் அதை உண்டு எழ முடியாமல் கிடந்ததை அவர்களுள் ஒருவரான செனபோன் எழுதி வைத்திருக்கிறார். இந்த நஞ்சைச் சுவையாலோ நிறத்தாலோ உறுதியாகக் கண்டுகொள்ள முடியாது. நிறப்பிரிகை முறையோடு இணைந்த நிறைமாலைக் கருவி தேவை. யாரேனும் உண்டு மயங்கினால், மிச்சத் தேனோடு மருத்துவமனைக்கு விரையுங்கள். என்ன உண்டார் என்று தெரிந்தால் மருத்துவர்களின் வேலை எளிதாகும்.

செடியால் தேனுக்கு வரும் நஞ்சு இமயத்தோடு நிற்பதில்லை. நியூசிலாந்தில் டூடு என்னும் செடியின் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சியின் இனிப்புக் கழிவைத் தேனீ சேர்ப்பதால் டூடின் என்னும் நஞ்சு தேனில் ஏறுகிறது. அங்கே அதற்கு ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் என்று சட்டப்படி எல்லை வைத்திருக்கிறார்கள். நம் தோட்டங்களில் கவனிக்க வேண்டியவை கிலுகிலுப்பை, சியாம் களை போன்றவை. இவற்றில் கல்லீரலைத் தாக்கும் பைரோலிசிடின் அல்கலாய்டுகள் உண்டு. அவை தேனைவிட மகரந்தத்தில் மிகுதி. காலையில் ஒரு கரண்டித் தேன் உண்பவர் இதற்காகத் தூக்கம் இழக்க வேண்டாம். சத்துக்கென்று மகரந்தத்தை நாள்தோறும் கரண்டிக்கணக்கில் உண்பவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்கள், அது எங்கே சேர்த்தது என்று கேட்டறிவது நல்லது.

கேள்வி: மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. சேனை வைக்க நல்ல தேன் தேடுகிறோம். சோதனை செய்த தேனாக இருந்தால் ஆபத்தில்லையே? – பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, இதற்கு நல்ல தேன் என்று ஒன்று இல்லை. ஓராண்டு நிறையாத பிள்ளைக்குத் தேனைத் தொட்டு வைக்கவே கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் இருப்பவை. அசலான, சுத்தமான, சான்றிதழ் பெற்ற தேனிலும் அவை இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கச் சோர்வு, மெலிந்த அழுகை, இமை தொங்குதல், கழுத்து நிற்காமல் துவளுதல் ஆகியவை அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேனைக் கொதிக்க வைத்தாலும் வித்துகள் சாகா. அதற்கு அழுத்தக் கலத்தில் 121 பாகைச் சூடு வேண்டும். ஒரு போத்தலைச் சோதித்து வித்து இல்லை என்று வந்தாலும், அதே போத்தலின் இன்னொரு கரண்டிக்கு அது உறுதி தராது. சேனை வைக்கும் பெரியவர் தாய்ப்பாலையே ஒரு துளி தொட்டு வைக்கட்டும், சடங்கும் குறையாது. அழும் பிள்ளைக்குச் சூப்பானில் தேன் தடவும் பழக்கத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நீரிழிவுக்காரர் சீனிக்குப் பதிலாக அசல் தேன் உண்ணலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஒரு மேசைக்கரண்டித் தேன் ஏறத்தாழ 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரை. அதாவது நான்கு தேக்கரண்டிச் சீனி. அசல் என்பதால் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் மருத்துவர் அனுமதிக்கும் சர்க்கரை அளவுக்குள் தேனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: விலை கொடுத்து வாங்கிய தேன் போலி என்று வலுவாக ஐயுறுகிறேன். யாரிடம் முறையிடுவது? – குடும்பத் தலைவர், சுங்கை சிப்புட்

பதில்: சுங்கை சிப்புட் குவாலா கங்சார் மாவட்டத்துக்குள் வருவதால், அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவை அணுகுங்கள். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் அங்குள்ள அதிகாரிகள் கடைக்கே சென்று மாதிரி எடுக்கும் அதிகாரம் பெற்றவர்கள். நீங்கள் திறந்துவிட்ட போத்தலை வைத்து ஒருவர்மேல் வழக்குத் தொடுப்பது கடினம். ஆனால் அவர்கள் எந்தக் கடையில், எந்தத் தயாரிப்புத் தொகுதியைத் தேட வேண்டும் என்பதை அது காட்டும். ஆகவே போத்தலில் மிச்சமிருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல், லேபிளோடும் ரசீதோடும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு முறையிடுங்கள். லேபிளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் எடையும் தேதியும் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். கலப்படம் மெய்ப்படாவிட்டாலும் அது தனிக் குற்றம். சாலையோரத்தில் லேபிளில்லாத போத்தலை வாங்கியவர்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அவர்கள் அடுத்த முறை பெட்டி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது, எந்த மாதம் எடுத்தது என்று விற்பவரைக் கேட்டு, விடையையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் போத்தலிலேயே எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.